கட்டிப் பருவுக்கு மருந்து: மருத்துவரின் சீட்டிலிருந்து கடைசி கேப்சூல் வரை

பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே உள்ள ஒரு கடைத்தெருவில் நான் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று பேராவது கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த இருபது எம்.ஜி. கேப்சூல் ஒரு அட்டை கொடுங்க" என்று கேட்கிறார்கள். படத்தில் இருப்பது ஐசோட்ரெட்டினாயின். சீட்டு எங்கே என்று கேட்டால், அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தது, தோழிக்கு நன்றாகக் கேட்டது என்ற பதில்தான் வரும். நான் கொடுப்பதில்லை. மருந்து கெட்டது என்பதற்காக அல்ல; கடுமையான பருவுக்கு இன்று இருப்பதிலேயே வலிமையான மருந்து அதுதான் என்பதால்தான் அதை அளவும் கணக்கும் இல்லாமல் ஒருவர் கையில் வைத்து அனுப்ப மனம் வருவதில்லை. அப்படி வெறுங்கையோடு திரும்பியவர்களிடம், கடையில் கூட்டம் நின்ற காரணத்தால் சொல்லாமல் விட்டவற்றை இங்கே முறையாக எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருந்தின் பெயரையும் அளவையும் முடிவு செய்வது தோல் மருத்துவரின் வேலை. அவர் எழுதியதைச் சரியாக உட்கொள்வதும், அவரிடம் சொல்ல வேண்டியதை மறைக்காமல் சொல்வதும் நம்முடைய வேலை.

எது கடுமையான பரு?

நெற்றியில் நான்கு கரும்புள்ளிகளும் கன்னத்தில் வாரம் ஒன்றாக வந்து அமுங்கும் சிறு பருவும் கடுமையானவை அல்ல. தோலுக்கு அடியில் வேர்க்கடலை அளவுக்குத் தடித்து, தொட்டாலே வலித்து, வாரக்கணக்கில் கரையாமல் நிற்கும் கட்டிகளும், ஒன்றோடொன்று சேர்ந்து சீழ் கோக்கும் கொத்துகளும், ஆறிய இடத்தில் குழியையோ மேடான தழும்பையோ விட்டுச் செல்லும் பருக்களும்தான் கடுமையானவை. முகத்தோடு நிற்காமல் முதுகு, மார்பு, தோள் என்று பரவியிருந்தாலும், காலையில் எழும்போது தலையணை உறையில் இரத்தக்கறை இருந்தாலும், வெள்ளைப் பள்ளிச்சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டாலும், "வயசுக் கோளாறு, தானாகப் போய்விடும்" என்ற ஆறுதலை ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பரு ஒரு நாள் போய்விடும் என்பது பெரும்பாலும் உண்மைதான். குழி போகாது. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் முகத்தில் எழுதப்படுகிறது என்பதைப் பெற்றோர் நினைவில் வைத்தால் போதும்.

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இணைந்திருக்கிறது. பருவ வயதில் ஹார்மோன் தூண்டுதலால் அது அதிகமாகச் சுரக்கும்போது, மயிர்க்காலின் வாய் இறந்த செல்களால் அடைபட்டுக் கிடந்தால் எண்ணெய் வெளியே வர வழியின்றி உள்ளேயே தேங்கும். தேங்கிய இடத்தில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகும். உடல் அதை எதிர்க்கும்போது வீக்கமும் சீழும் உண்டாகும். ஆகாயத்தாமரை அடைத்த மதகில் தண்ணீர் ஏறிக் கடைசியில் கரை உடைந்து வயலுக்குள் பாய்வதை நம் ஊரில் பார்க்காதவர் இல்லை. மயிர்க்காலின் சுவர் அப்படித் தோலுக்குள்ளேயே உடையும்போது உண்டாவதுதான் கட்டிப் பரு. அழுக்கினால் வருவதல்ல என்பதால், ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை சோப்புப் போட்டுத் தேய்ப்பதால் எந்தப் பயனும் இல்லை, தோல்தான் புண்ணாகும். காலையும் மாலையும் மென்மையான சோப்பு அல்லது ஃபேஸ்வாஷ் கொண்டு கைவிரலால் கழுவினால் போதும்.

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் நிறுத்த வேண்டியவை

எலுமிச்சைச் சாறு, பற்பசை, உப்புக்கல், பட்டைத்தூள் ஆகியவற்றைக் கட்டிப் பருவின் மேல் வைக்க வேண்டாம். அவை தோலைச் சுட்டுக் கரும்படலம் உண்டாக்கும். நம்முடைய மாநிறத் தோலில் அந்தக் கருமை மறைய மாதங்கள் ஆகும். பருவைப் பிதுக்குவதும் அப்படியே: வெளியே வரும் சீழைவிட உள்ளே தள்ளப்படும் சீழே அதிகம். தலையில் வழிய வழிய எண்ணெய் வைத்துப் படுக்கும் பழக்கம் இருந்தால், நெற்றியோரத்தில் பரு அதிகமாக இருப்பவர்கள் அதைக் குறைத்துப் பார்க்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அதிக வருத்தம் தருவது வேறொன்று. முகம் வெளுக்கும் என்று சொல்லி விற்கப்படும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத்தான் சொல்கிறேன். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ட்யூபில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். பூசிய முதல் வாரத்தில் சிவப்பும் வீக்கமும் வடிந்து முகம் பளிச்சென்று தெரியும். அதனால்தான் ஒரு வீட்டில் ஒருவர் வாங்கினால் தெருவே வாங்குகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து தோல் மெலிந்து, சிறு இரத்தக்குழாய்கள் வெளியே தெரிந்து, ஒரே மாதிரியான பருக்கள் கூட்டமாகக் கிளம்பும். நிறுத்தினால் முகம் எரியும். எரிகிறதே என்று மறுபடியும் பூசத் தோன்றும். ஒரு கல்லூரி மாணவி, பிதுக்கிப் பிதுக்கி வால்வரை சுருட்டிய ஒரு ட்யூபை என் மேசை மேல் வைத்து, "இதே மாதிரி இன்னொன்று" என்று கேட்டார். முகக்கவசத்தை இறக்கச் சொன்னேன். கன்னம் இரண்டும் வெந்நீர் பட்டது போல் சிவந்திருந்தன. ஐந்து மாதமாக அவருக்கு அந்த ட்யூபைச் சீட்டில்லாமல் கொடுத்து வந்தது வேறொரு கடை. 2018 இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டிய அட்டவணை எச் பட்டியலில் சேர்த்த பிறகும் இது நடக்கிறது என்பதை, இதே தொழிலில் இருப்பவனாக வேதனையோடுதான் எழுதுகிறேன். நீங்கள் அப்படி எதையாவது பூசிக்கொண்டிருந்தால் வெட்கப்படாமல் அந்த ட்யூபையே மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். எப்படி நிறுத்துவது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது, அவர் சொல்வார்.

எங்கே போவது, எதை எடுத்துச் செல்வது?

டெல்டாவில் இதற்காகச் சென்னை வரை போக வேண்டியதில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய மூன்று ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அவற்றில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. புற நோயாளிகளைப் பார்ப்பது காலையில் என்பதால், பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து வருபவர்கள் முதல் பேருந்தைப் பிடிப்பது நல்லது. அங்கே மருத்துவரைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. எந்த மருந்து மருத்துவமனையிலேயே கிடைக்கும், எதை வெளியே வாங்க வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி போன்ற ஊர்களில் தோல் மருத்துவத்தில் பட்டம் பெற்றவர்கள் தனியாகவும் பார்க்கிறார்கள். பெயருக்குப் பின்னால் தோல் மருத்துவப் பட்டம் இருக்கிறதா என்று பார்த்துப் போங்கள். 'ஸ்கின் கிளினிக்' என்ற பலகை மட்டும் அதற்குச் சான்று ஆகாது.

இதுவரை பூசிய, விழுங்கிய எல்லாவற்றின் காலி அட்டைகளையும் ட்யூப்களையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். வலிப்புக்கான ஃபெனிடாயின், காசநோய்க்கான ஐசோநியாசிட், லித்தியம், ஸ்டீராய்டு மாத்திரைகள் ஆகியவையும் பரு போன்ற கொப்புளங்களை உண்டாக்கக்கூடும். உடற்பயிற்சிக் கூடத்தில் தசை ஏற்றுவதற்காகப் போடும் ஊசிகளும் அப்படியே. அவற்றை அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்று மறைக்க வேண்டாம். தனியாகப் பேச வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்கலாம். பெண்கள் மாதவிடாய் தள்ளிப் போகிறதா, தாடையிலும் மேலுதட்டிலும் முடி வளர்கிறதா என்பதைச் சொல்ல வேண்டும். பி.சி.ஓ.டி. என்று எல்லாரும் சொல்லும் சினைப்பைக் கோளாறு இருந்தால் ஹார்மோன் மாத்திரையோ ஸ்பைரோனோலாக்டோனோ கொடுக்கும் வழி தனியாக இருக்கிறது. மூல காரணத்தை விட்டுவிட்டு முகத்துக்கு மட்டும் மருந்து போட்டால் பரு திரும்பத் திரும்ப வரும்.

முதல் படி: ஜெல்லும் டாக்சிசைக்ளினும்

எல்லாருக்கும் எடுத்த எடுப்பில் ஐசோட்ரெட்டினாயின் எழுதுவதில்லை. குழி விழத் தொடங்கியிருந்தாலோ கட்டிகள் மிகுதியாக இருந்தாலோ நேரே அதற்குப் போவார்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் இரவில் அடாப்பலீன் ஜெல், பென்சாயில் பெராக்சைடு, அவற்றோடு கிருமிகளை அடக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரை என்று தொடங்குவார்கள்.

அடாப்பலீனை முகம் கழுவி நன்றாக உலர்ந்த பிறகு, பச்சைப் பட்டாணி அளவு எடுத்து, கண், மூக்கோரம், உதடு ஆகியவற்றை விட்டுவிட்டு முகம் முழுவதும் மெல்லியதாகப் பூச வேண்டும். பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைப்பது தவறான முறை. அது வந்த பருவுக்கான மருந்து என்பதைவிட, வரப்போகும் பருவின் அடைப்பைத் தடுக்கும் மருந்து. முதல் இரண்டு மூன்று வாரம் எரியும், உரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று தொடங்கினால் தாங்கிக்கொள்ளலாம். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பதினைந்தாம் நாள் "கேட்கவில்லை" என்று மருந்தை மாற்றக் கேட்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை எடுத்துவிடும். வண்ணத் துண்டும் தலையணை உறையும் அங்கங்கே வெளுத்துப் போகும் என்பதால் வெள்ளைத் துண்டைப் பயன்படுத்துங்கள்.

டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையும் பாலையும் அதே நேரத்தில் சேர்க்கக் கூடாது. வெயிலில் தோல் எளிதில் கருகும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இதை மூன்று மாதத்துக்கு மேல் நீட்டாமல் இருப்பதே பொது வழக்கம். பரு நன்றாகிவிட்டது என்று பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்குவதும், கிளிண்டாமைசின் ஜெல்லை மட்டும் தனியாகப் பூசிக்கொண்டே இருப்பதும் கிருமிகளை மருந்துக்கு அடங்காதவையாக ஆக்கிவிடும்.

ஐசோட்ரெட்டினாயின்: கணக்கும் சாப்பாடும்

இது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. 1982 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குப் பிறகான நாற்பது ஆண்டுகளில் இதன் நன்மையும் தீமையும் நன்றாகவே தெரிந்திருக்கின்றன. எண்ணெய்ச் சுரப்பியைச் சுருக்கி, அடைப்பையும் அழற்சியையும் சேர்த்தே குறைக்கிறது. அதனால்தான் மற்ற மருந்துகளுக்கு அடங்காத கட்டிகள் இதற்கு அடங்குகின்றன.

அளவு உடல் எடையைப் பொறுத்தது. வழக்கமாக நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை. சிகிச்சை முழுவதும் சேர்த்துக் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் வரை என்று கணக்கிடுவார்கள். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மொத்தம் 6,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 40 மில்லிகிராம் வீதம் 150 நாள், அதாவது ஐந்து மாதம் ஆகும். 20 வீதம் என்றால் 300 நாள். நம் நாட்டில் பல மருத்துவர்கள் குறைந்த அளவில் தொடங்கி அதிக நாள் கொடுக்கிறார்கள். வறட்சி தாங்கக்கூடியதாக இருக்கும். அண்ணனுக்கு எழுதிய 20 தம்பிக்குப் பொருந்தாது என்று நான் சொல்வது இந்தக் கணக்கினால்தான். இரண்டாம் மாதமே முகம் தெளிந்துவிட்டது என்று நிறுத்துபவர்களுக்கும் இதே கணக்கைத்தான் சொல்வேன்: தெளிந்த பிறகு உட்கொள்ளும் மாதங்கள்தான் பரு திரும்பி வராமல் காப்பவை.

தொடங்குவதற்கு முன்பு வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துக் கொழுப்பும் ட்ரைகிளிசரைடும் பார்ப்பார்கள். கல்லீரல் நொதிகளையும் பார்ப்பார்கள். ஓரிரு மாதத்தில் மறுபடியும் பார்ப்பது வழக்கம். முடிவுத் தாள்களை ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

வெறும் வயிற்றில் விழுங்கினால் கேப்சூலில் பாதிகூட உடலில் சேராமல் போகலாம், ஏனெனில் இது கொழுப்பில் கரையும் மருந்து. காலையில் நீராகாரத்தைக் குடித்துவிட்டு அதோடு போட்டுக்கொண்டு வயலுக்குப் போகும் ஒருவர், மூன்று மாதமாகியும் பெரிய மாற்றம் இல்லை என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். மதியம் நல்லெண்ணெய் அல்லது நெய் விட்ட பருப்புச் சாதத்தோடோ, முட்டையோ மீன் குழம்போ உள்ள சாப்பாட்டோடோ மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். அவரும் அப்படியே மாற்றச் சொன்னார். சஷ்டி, ஏகாதசி என்று உபவாசம் இருப்பவர்கள் அந்த நாளில் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த நாள் இரண்டாகப் போட வேண்டாம். கேப்சூலைப் பிரித்து உள்ளே இருக்கும் எண்ணெயை முகத்தில் பூசுவதும் வேண்டாம். அப்படியும் ஒருவர் செய்து பார்த்திருக்கிறார்.

முதல் சில வாரங்களில் பரு குறைவதற்குப் பதிலாக அதிகமாகலாம். இது தெரியாமல் நிறுத்திவிடுபவர்கள் பலர். சிறிதளவு அதிகமானால் பொறுத்திருக்கலாம். புண்கள் திடீரென்று வெடித்துக் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்தால் மட்டும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

உதடு வெடிப்பது ஏறத்தாழ எல்லாருக்கும் வரும். இரண்டாம் வாரத்தில் வாயோரம் கீறி, இரசம் பட்டாலே சுரீரென்று எரியும். பெட்ரோலியம் ஜெல்லியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, வறண்ட பிறகு பூசுவதைவிட வறளும் முன்பே பூசிக்கொள்வது நல்லது. மூக்கு வறண்டு இரத்தம் கசிந்தால் அதையே மூக்கின் உள்விளிம்பில் மெல்லியதாகத் தடவலாம். முகத்துக்கு வாசனை இல்லாத, எண்ணெய்ப் பசை குறைந்த மாய்ஸ்சரைசரைக் குளித்த ஈரத்தோடு பூசுங்கள். பழைய அடாப்பலீன், பென்சாயில் பெராக்சைடு ட்யூப்களை மருத்துவர் சொன்னால் ஒழியச் சேர்த்துப் பூச வேண்டாம். முடி எடுக்க வேக்ஸிங் செய்தால் தோலே உரிந்து வந்துவிடும் என்பதால், சிகிச்சை முடிந்து ஆறு மாதம் வரை அதைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம்.

வெயிலைப் பற்றி நம் பகுதிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டும். நாற்று நடுபவர்களுக்கும் களை எடுப்பவர்களுக்கும் வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. கட்டி நிற்கும் தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கிறது. தலையில் துண்டு போட்டாலும் தாடை கருகுவது அதனால்தான். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் ஜெல்லைத் தாராளமாகப் பூசி, முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் போட்டுக்கொண்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முகத்தைத் துடைத்து மறுபடியும் பூச வேண்டும். குறுவை நடவுக் காலத்தில் இது நடக்கிற காரியமா என்று கேட்டால், நடக்காது என்று தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாமா, தொடங்கும் மாதத்தைத் தள்ளிப் போடலாமா என்று அவர் யோசிப்பார். முதுகு வலியும் தசைப் பிடிப்பும் உடல் உழைப்பு அதிகம் உள்ளவர்களுக்கு வரும். கபடி, கைப்பந்து ஆடுபவர்களும் இதைச் சொல்வதுண்டு.

கண் வறண்டு உறுத்தும். சிலருக்கு இரவுப் பார்வை மங்கும். அதுவும் சில சமயம் திடீரென்று மங்கும். வாய்க்கால் கரையை ஒட்டிய விளக்கில்லாச் சாலைகளில் இரவில் பைக் ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் நம்மிடம் அதிகம். மருந்து தொடங்கிய மாதங்களில் இருட்டுவதற்கு முன்பே வீடு திரும்பச் சொல்லுங்கள்.

மழைக்காலக் காய்ச்சலும் இந்த மருந்தும்

இதை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனெனில் சேற்றில் இறங்கும் ஊர்களில்தான் இது அதிகம் நேரக்கூடும். ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் வந்து மருத்துவரிடம் போனால், எலிக்காய்ச்சலோ, புதர்களில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸோ இருக்குமென்று சந்தேகப்பட்டு டாக்சிசைக்ளின் கொடுப்பது சரியான மருத்துவமே. ஆனால் ஐசோட்ரெட்டினாயினோடு டாக்சிசைக்ளின் வகை மருந்து சேர்ந்தால் மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ஏறும் ஆபத்து இருக்கிறது. ஆகவே காய்ச்சலுக்குப் பார்க்கும் மருத்துவரிடம், அவர் கேட்காவிட்டாலும், "பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுக்கிறேன்" என்று சொல்லியே ஆக வேண்டும். எதை நிறுத்துவது, எதைக் கொடுப்பது என்பதை அவர் முடிவு செய்வார். பரு மருந்துதானே, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று எண்ணுவதுதான் ஆபத்து. அதே போல வைட்டமின் ஏ உள்ள சத்து மாத்திரைகளையும் காட் மீன் ஈரல் எண்ணெய் கேப்சூலையும் சேர்க்கக் கூடாது. முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி ஆகியவற்றைச் சாப்பிடத் தடையில்லை. மது கூடாது.

வாந்தியோடு கடுமையான தலைவலி, பார்வை இரட்டையாகத் தெரிதல், மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, கண் மஞ்சளாதல், இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, தோலில் கொப்புளம் எழும்பி உரிதல் ஆகியவற்றில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனநிலையையும் இதோடு சேர்த்தே கவனியுங்கள். கடுமையான பருவே பிள்ளைகளைக் கூனிக் குறுக வைக்கிறது. மருந்தினால் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாகவும் பதிவுகள் உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும், பேச்சு குறைந்து, தூக்கம் கெட்டு, சாப்பாட்டை ஒதுக்கி, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் அடுத்த மருத்துவத் தேதி வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் பேசலாம்.

பெண்களுக்கும், பெண்ணுக்கு வரன் பார்ப்பவர்களுக்கும்

ஐசோட்ரெட்டினாயின் உட்கொள்ளும்போது கர்ப்பம் தரித்தால் குழந்தையின் மூளை, இதயம், காது, முகம் ஆகியவை ஊனப்படும் ஆபத்து மிக அதிகம்; கருச்சிதைவும் நேரலாம். குறைந்த அளவு என்பதோ சில நாள்தான் என்பதோ பாதுகாப்பு ஆகாது. அதனால் தொடங்குவதற்கு முன் கர்ப்பப் பரிசோதனையும், தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து கடைசி கேப்சூலுக்குப் பின் ஒரு மாதம் வரை நம்பத்தகுந்த கருத்தடையும் கட்டாயம். திருமணமான பெண்ணிடம் மருத்துவர் இதைக் கேட்பதும், திருமணமாகாத பெண்ணிடம் கேட்பதும் ஒரே காரணத்துக்காகத்தான். அம்மாக்கள் முகம் சுளிக்க வேண்டாம். மருந்து உட்கொள்ளும்போது மாதவிடாய் தள்ளிப் போனால் அன்றே மருந்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். பாலூட்டும் தாய்மார்களும் இதை எடுக்கக் கூடாது. ஆண்கள் எடுப்பதால் அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு இத்தகைய ஊனம் வரும் என்பதற்குச் சான்று இல்லை; ஆனால் அவர்களுடைய அட்டையை வீட்டுப் பெண்கள் எடுத்துவிடாதபடி தனியாகப் பூட்டி வைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் உண்மையாக நடப்பது என்னவென்றால், பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்றவுடன்தான் பருவுக்கு வைத்தியம் தொடங்குகிறது. மூன்றாம் மாதம் நிச்சயம் ஆகிறது, ஆறாம் மாதம் முகூர்த்தம். மருந்து எடுக்கிறாள் என்பது பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மறைக்கிறார்கள். திருமணமான முதல் மாதமே குழந்தையைப் பற்றிய கேள்வி தொடங்கிவிடுகிறது. நடுவில் அந்தப் பெண் மட்டும் அட்டையைக் கைப்பையில் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். இது நேரவே கூடாது. தேதி குறித்தவுடன் முதலில் தோல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தை முதல் வாரத்தில் முகூர்த்தம் என்றால் கார்த்திகை முடிவதற்கு முன்பே கடைசி கேப்சூல் முடிந்திருக்க வேண்டும். மார்கழி முழுவதும் இடைவெளி. அதற்குள் கணக்கு முடியாது என்றால் மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றுவார், அல்லது தொடங்காமலே இருப்பார். ஒரு மாத இடைவெளி முடிந்தபின் இந்த மருந்து உடலில் தங்கியிருந்து பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்ற பயமும் தேவையில்லை. அப்படி ஒன்றும் இல்லை.

இரத்ததானமும் இதே காரணத்தால்தான் கூடாது. கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது நாமும் கொடுக்கலாம் என்று தோன்றும். அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். மருந்து உட்கொள்ளும் காலத்திலும் முடித்து ஒரு மாதம் வரையிலும் கொடுக்கக் கூடாது. முகாமில் காரணம் கேட்டால் மருந்தின் பெயரைச் சொன்னால் போதும்.

முடித்த பிறகு

மாதம் ஒருமுறை, அதே சன்னல் பக்கத்தில், அதே காலை வெளிச்சத்தில் முகத்தை இரு பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தால், கண்ணாடியில் தெரியாத மாற்றம் அதில் தெரியும், மருத்துவருக்கும் உதவும். சிலருக்கு நிறுத்திய சில மாதங்களில் பரு திரும்ப வரும். அது தோல்வி அல்ல. அடாப்பலீன் ஜெல்லை இரவில் தொடரச் சொல்வார்கள், தேவைப்பட்டால் இன்னொரு சுற்றும் கொடுப்பார்கள். சிவப்பும் கருமையும் வெயிலைத் தவிர்த்தால் மெல்ல மறையும். குழிகளுக்கு மைக்ரோநீட்லிங் (நுண்ணூசிகளால் குத்துவது), சப்சிஷன் (குழியின் அடியை இழுத்துப் பிடித்திருக்கும் நாரை ஊசியால் விடுவிப்பது), லேசர் என்று வழிகள் இருக்கின்றன. பரு முழுவதும் அடங்கிய பிறகே அவற்றைத் தொடங்குவார்கள், எப்போது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். மார்பிலும் தோளிலும் மேடாகத் தடித்த தழும்பு வரும் உடல்வாகு உள்ளவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, அட்டையில் மீந்த கேப்சூல்களைப் பற்றி. மருத்துவர் அளவைக் குறைத்தாலோ இடையில் நிறுத்தச் சொன்னாலோ பத்துப் பதினைந்து மிச்சம் இருக்கும். விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று சித்தி மகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள், வாய்க்காலிலும் போடாதீர்கள். வாங்கிய கடையிலோ மருத்துவமனை மருந்தகத்திலோ கொடுத்து அழிக்கச் சொல்லுங்கள். என் கடைக்குக் கொண்டுவந்தால், எங்கே வாங்கியது என்று கேட்காமல் நான் வாங்கிக்கொள்கிறேன்.